வேட்டு விசில்

செங்கோட்டை ஸ்டேஷன் கக்கூஸுக்குள் போன குருவம்மாள் நெற்றிப் பொட்டை அழித்து, தாலியைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற தளவாய் அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தார்.

வீட்டில் பேசி முடிவு செய்ததுதான். மகள் ஸ்வாதிக்கு வந்த இரண்டு சம்பந்தமும் அவருடைய இருமலைக் கேட்டே எழுந்து போயிருந்தது. காலமெல்லாம் கல் குவாரியில் மிஷின் பிடித்துத் துளை போட்ட நெஞ்சு. உள்ளே முழுக்கக் கல்மாவு. ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்க யாரும் தயாராயில்லை. மூன்றாவதாகப் புனலூரிலிருந்து வந்த இடத்துக்குத் தரகர் கோமதிசங்கர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: தகப்பன் இல்லை, குவாரியில் பாறை சரிந்து போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணம் புனலூரில், ஊர்க்காரன் எவன் அங்கே வந்து சொல்லப்போகிறான் என்றும் கேட்டார்.

மாப்பிள்ளை மணிகண்டபிரபுவும் அவன் அம்மாவும் குற்றாலத்தில் சாரலுக்குக் குளித்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். எல்லாருமாக ஒரே ரயிலில் போய்ப் பதிமூணு கண் பாலத்தையும் தென்மலை அணையையும் பார்ப்பது, அப்படியே பெண்ணும் மாப்பிள்ளையும் பேசிப் பழகுவது என்று ஏற்பாடு. தளவாய் கேட்டது ஒன்றுதான். மாப்பிள்ளை முகத்தை ஒரு தடவை பார்க்கணும், யாரோ மாதிரி அதே பெட்டியில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

ஸ்வாதி யோசித்துவிட்டு, "இருமல் வந்தா கக்கூஸ் பக்கம் போயிரணும்ப்பா" என்றாள்.

அப்படித்தான் கொல்லம் பாசஞ்சரில், நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒற்றை சீட்டில், துண்டால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஸ்வாதியோடு பேசிக்கொண்டு பிடரியைத்தான் காட்டினான்.

அவன் அம்மா பேச்சுக்காரி. தாரை வார்த்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தாய்மாமன் இருக்கிறார் என்றாள் குருவம்மாள். அப்போ சரி, நீங்க மட்டும் தாலி கட்டி முடிகிறவரை மேடைக்குக் கீழே இருந்துக்கிடுங்க, தப்பா நினைக்கக்கூடாது என்றாள் அவள். இதில் நினைக்க என்ன இருக்கு என்றாள் குருவம்மாள். தளவாய் துண்டைக் கடித்தார்.

பகவதிபுரம் தாண்டியதும் ஏற்றம். பின்னாலும் ஒரு இன்ஜின் தள்ளிக்கொண்டு வந்தது. குகை வருது என்று பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். இன்ஜின் நீளமாக ஊதியது.

குவாரியில் வேட்டு வைக்குமுன் அப்படித்தான் விசில் ஊதுவார்கள். ஊதி முடிப்பதற்குள் நின்ற இடத்திலேயே குந்தி, தலையை முழங்காலுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஊதலும் இருட்டும் ஒன்றாக வந்து விழுந்தபோது தளவாய்க்கு ரயில் ஞாபகமில்லை.

"ஏட்டி குருவம்மா, குனிட்டி!"

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும் ஒரே மாதிரி குந்தி, தலையைப் புதைத்து, காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவளும் அதே குவாரியில் கல் சுமந்தவள்.

"அது யாரு? உங்க பேரச் சொல்லில்லா கூப்பிட்டாரு?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

ஸ்வாதிதான் சொன்னாள்.

"எங்கப்பாகூட வேலை பாத்தவரு, அத்தை. வேட்டுச் சத்தத்துல மண்டை கலங்கிட்டு. அம்மா தனியா இருக்கான்னு பின்னாலயே சுத்துதாரு."

மணிகண்டபிரபு எழுந்தான். "தொந்தரவு குடுக்கானா, அத்தை?"

குருவம்மாள் தளவாயைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார்.

"ஆமா" என்றாள்.

முதல் அறை காதோடு சேர்ந்து விழுந்தது. இருமல் கிளம்பிக் குனிந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தான். போதும் தம்பி என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. கோவம் வந்துட்டா அவன் இப்படித்தான், அவங்கப்பா மாதிரி என்று அவன் அம்மா குருவம்மாளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை முகத்தைத் தளவாய் அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார். அதில் கோபமே இல்லை. பழகின வேலையைச் செய்கிறவன் முகம்.

ஆரியங்காவில் வண்டி நின்றதும் அவரை வெளியே தள்ளினான். துண்டு பின்னால் வந்து விழுந்தது. தளவாய் கையூன்றி எழுந்து, தட்டுத்தடுமாறி ஸ்வாதி இருந்த ஜன்னலுக்கு வந்தார்.

"ஏட்டி, இவன் வேண்டாம்ட்டி."

அதற்குமேல் இருமல் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொன்னது அவளுக்குக் கேட்டது. அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். இரும்பு ஷட்டரை இறக்கி, கொக்கி விழுகிறவரை அமுக்கினாள்.