மஞ்சள் பூசிய மருந்தியல்

மருந்தியல் தேர்வில் பெரியவள் இரண்டு முறை கவிழ்ந்திருந்தாள். இது கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் மருந்தாளர் உரிமம் கிடையாது. படித்த படிப்பு அம்போ. அதே படிப்பைத் தங்கை போன வருடமே முடித்து வேலைக்கும் போய்விட்டதில் வயிற்றெரிச்சல் தனி.

நிலைமையைக் காப்பாற்ற மாமா வந்தார். மேடைப் பேச்சாளர். ‘வெற்றிப் படிப்புக்கு ஏழு விதிகள்’ என்ற கையேட்டை அவரே எழுதி, அவரே வெளியிட்டு, கூச்சமில்லாமல் அவரே பாராட்டியும் இருக்கிறார். மருமகளுக்கு ஒரு பெட்டி நிறைய மஞ்சள் ஹைலைட்டர் வாங்கி வந்திருந்தார்.

“முக்கியமான வரிக்கெல்லாம் மஞ்சள் போடும்மா. கண்ணு பார்த்தாலே மூளை கப்புனு பிடிச்சுக்கும்.”

ஒரே வாரத்தில் புத்தகம் காமாலை கண்டது. மஞ்சள் படாமல் தப்பியது அச்சகத்தின் முகவரி மட்டும்தான். அதையும் அவள் கொஞ்சம் யோசித்துத்தான் விட்டாள்.

“திரும்பத் திரும்பப் படிச்சாச்சு. எல்லாம் தண்ணி பட்ட பாடு” என்றாள்.

தங்கை புத்தகத்தை வாங்கி மூடினாள். “ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவர் தலைவலிக்கு ஆஸ்பிரின் கேட்கிறார். குடுப்பியாக்கா?”

“அது... இடது பக்கம், மேலேருந்து ரெண்டாவது பத்தி. மஞ்சள்கூட போட்டிருக்கேன்.”

“ரத்தம் கொட்டறப்போ அவர்கிட்ட அதையே சொல்லு. ஆறுதலா இருக்கும்.”

“ஏய் வாயாடி, அவளைக் குழப்பாதே!” மாமா குறுக்கே வந்தார். “இன்னும் நாலு தடவை படிச்சா தானா நிக்கும். என் மூணாவது விதியே அதுதான்.”

“நாலாவது என்ன மாமா?”

“நானே எழுதினது, எனக்குத் தெரியாதா?” மாமா விரலை மடக்கினார். மூன்று விரல் கம்பீரமாக மடங்கியது. நாலாவது பாதியில் நின்றது. இரண்டாவது விதியையே குரலை மாற்றி இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, “கையேடு எங்கே வச்சேன்?” என்று பையைத் துழாவினார். மேடையில் பின்னால் திரை இருக்கும். விதிகள் அதில் ஓடும்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “எழுதினவருக்கே நிக்கலை. மஞ்சள் பூசினவளுக்கு எங்கேருந்து நிக்கும்?” என்று ஹைலைட்டரை மூடினாள். “கேளுடி.”

அன்றிலிருந்து புத்தகம் மூடியே இருந்தது. தெரிந்ததை வாயால் சொல்வாள். தவறினால் மட்டும் திறந்து பார்த்து மறுபடி மூடுவாள். தவறியதை மறுநாள் கேட்பார்கள், அப்புறம் சில நாள் விட்டு வேறு பாடத்துக்கு நடுவே திடீரென்று கேட்பார்கள். ஆரம்பத்தில் அவமானம் பிடுங்கித் தின்றது. பிறகு, தனக்கு எங்கே ஓட்டை என்பது அவளுக்கே அத்துப்படியானது. தங்கை வேலைக்குப் போன நேரத்தில் கேள்வி கேட்கும் பொறுப்பு மாமாவுக்கு. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத தொழில்.

“இதுல ஒரு தத்துவம் இருக்கும்மா...”

“கேள்வி மட்டும் மாமா.”

தேர்வு முடிந்து வெளியே வந்தவளிடம் வாசலில் நின்ற மாமா ஓடினார். முந்தைய இரண்டு முறையும், “நல்லாத்தான் எழுதியிருக்கேன்” என்று தரையைப் பார்த்துச் சொன்னவள் அவள்.

“ஒரு கேள்வி தப்பு. இன்னொண்ணு பாதிதான் வந்துது. எதெதுன்னும் தெரியும். மத்ததெல்லாம் சரி.”

“ரிசல்ட் வரட்டும்மா. அவசரப்படாதே.”

“ரிசல்ட் அவங்க தெரிஞ்சுக்கறதுக்கு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. உரிமத்துக்கு என்னென்ன வேணும்னு விசாரிக்கப் போறேன், வர்றீங்களா?”

மாமா வண்டியை எடுத்தார்.