எலிக்குக் கொடுக்கும் அளவு

மூளை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எமேகே பனிப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அறுவை சிகிச்சை அறையிலிருந்து வெளியே வந்தபோது, தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த கிங்கா நிமிர்ந்து பார்த்தாள். மடியில் பிரிக்காத ரொட்டிப் பொட்டலம். எட்டு வருஷத்துக்கு முன்புவரை எமேகேயின் கணவனாக இருந்த விலிக்கு இப்போது மனைவி இவள்தான். உள்ளே மேஜையில் கிடப்பவனும் விலிதான்.

பெட்டிக்குள் இருந்தது, கட்டியை எடுக்க வழி செய்வதற்காக வெட்டியெடுத்த சுண்டைக்காய் அளவு மூளைத் துண்டு. அதற்கு எண் உண்டு, பெயர் கிடையாது. யாருடையது என்று தெரிந்துவிட்டால் கை வைக்கக் கூடாது என்பது ஆய்வகத்து விதி. அன்று காலை நடந்ததோ ஒரே ஓர் அறுவை சிகிச்சை. தெரிந்ததை எமேகே மறைத்துவிட்டாள். இத்தனை வருஷம் ஏங்கியதற்கு இதாவது கிடைக்கட்டுமே என்று ஒரு வீம்பு.

ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அதை மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு செல்லைக் கண்ணாடி ஊசியால் பிடித்தாள். செல் பதில் சொன்னால் ஒலிபெருக்கியில் டக்கென்று கேட்கும். அதன் கிளை நுனியில் மின்சாரம் கொடுத்தாள். சத்தமில்லை. மறுபடி கொடுத்தாள். அப்போதும் இல்லை.

"செத்துப்போச்சு, ஜோம்போர்."

அவளோடு இருபது வருஷமாக வேலை பார்க்கும் ஜோம்போர் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அம்மா தாயே, இது எலிக்குக் குடுக்குற அளவு! மனுஷ செல்லுக்குக் கிளை நீளம், அயனி போற கதவும் கம்மி. நுனியில தட்டுனா நடுவுக்கு வர்றதுக்குள்ள தேஞ்சுபோயிடும். கூட்டிக் குடு."

அவளுக்குத் தெரியாததா? தினமும் எலி மூளையிலேயே வேலை செய்த பழக்கதோஷம். கூட்டினாள்.

டக்.

ஒரே ஒரு தடவை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விலியோடு வாழ்ந்த நாளில், ஞாயிற்றுக்கிழமை மீன் சூப்பில் கெண்டையின் சினையை எல்லாம் அவன் தட்டிலேயே போடுவாள். அவன் அதை வெறும் சூப்பாகத்தான் குடித்தான். அவன் வீட்டைவிட்டுப் போகிற அன்றுகூடக் கோட்டுப் பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள், அதிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்து. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, எமேகே," என்றுவிட்டுப் போனான்.

சாயங்காலம் வார்டு வாசலில் கிங்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முழிச்சுட்டாரு. பேசத்தான் மாட்டேங்குறாரு. கூப்பிட்டுக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொல்றாரு, எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. நீங்க ஒரு தடவ..."

எமேகே கால்மாட்டில் நின்று போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு தலைமாட்டுக்குப் போனாள்.

"விலி."

அசைவில்லை. குரலைக் கூட்டினாள்.

"விலி! நான் எமேகே. அன்னைக்கு நீ போகக் கூடாதுன்னுதான்டா நெனச்சேன்!"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். கிங்கா பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கூரையையே பார்த்துக்கொண்டிருந்த விலியின் கண்கள் மெல்ல, மிக மெல்ல, இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கின.