புதன்கிழமை கிடைத்த சிறுகோள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிறுகோள்கள் ஏராளமாக இருப்பதாக வானொலியில் சொன்னார்கள். ஆகவே புதன்கிழமை காலை மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்று இருந்தது.

வடகம் காயப் போட்ட துணிக்கு மேலே, முழங்கால் உயரத்தில், பெரிய பலாப்பழம் அளவில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. உடம்பெல்லாம் பள்ளம். நிழலில் வடகம் காயாமல் போய்விடுமே என்று முதலில் பதறினேன். அப்புறம்தான் சந்தோஷம் வந்தது. கை கால் ஓடவில்லை. வானாய்வுக் கூடத்துக்குப் போன் செய்தேன்.

இம்மானுவேல் என்ற அதிகாரி பஸ் பிடித்து வந்தார்.

"கண்டுபிடித்தவர் பேர் வைக்கலாம். வியாழன் விடிந்தால் முடியாது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது அம்மா" என்றார்.

பக்கத்து மாடியிலிருந்து ருக்குமணி அக்கா கத்தினாள். "ஏய் அஞ்சுகம், போன புதனே நான் பார்த்தேன்டி! பழைய ஆட்டுக்கல்லுன்னு விட்டுட்டேன்."

"அப்படியானால் நீங்கள் கண்டுபிடித்தது ஆட்டுக்கல்தான்" என்றார் அதிகாரி.

என் வீட்டுக்காரர் படியேறி வந்தார். "வீடு, கேஸு, ரேஷன் எல்லாம் என் பேர்ல இருக்கு. இதையும் அப்படியே போட்டுடு. அலைச்சல் மிச்சம்."

"முடியாது. இது என் பேர்ல" என்றேன்.

பேரை அத்தைதான் காதில் சொல்ல வேண்டும். சிறுகோளுக்கு அத்தை யார் என்று அதிகாரி கேட்டார். ருக்குமணி அக்கா உடனே கைப்பிடிச் சுவர் ஏறிக் குதித்தாள். "நான்தான் அத்தை. நகருங்க."

இவள் தன் பேரைச் சொல்லிவிட்டால்? அவள் ஒரு பள்ளத்தில் வாயை வைத்து, அது சுழலச் சுழலக் கூடவே நடந்தாள். நான் எதிர்ப் பக்கத்துப் பள்ளத்தில் காதை வைத்துக்கொண்டு நடந்தேன். அஞ்சுகம், அஞ்சுகம், அஞ்சுகம் என்று மூன்று தடவையும் தெளிவாகக் கேட்டது. அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

"விடுடி, வேர்க்குது" என்றாள்.

வியாழன் விடிந்தபோது சிறுகோள் கிளம்பிப் போயிருந்தது. என் பேரில் ஒன்று சூரியனைச் சுற்றுகிறது என்ற பூரிப்பில் மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கீழேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "அஞ்சுகம், காபி!"

"சுத்தி வர நாலரை வருஷம் ஆகும்" என்று வானத்திலிருந்து பதில் வந்தது.

"சரி, சக்கரை கம்மியா" என்றார் அவர்.