பேச்சுப்பெட்டியின் ஆறு நொடி

துசாந்தனின் வாய்க்கு முன்னால் நின்றுபிடிக்கக் கல்முனை–மட்டக்களப்புப் பாதையில் ஆள் இல்லை என்பார்கள். பன்னிரண்டு வருடம் பஸ் நடத்துநராக இருந்தவன். மிதிபலகையில் நின்றபடி, யார் என்ன சொன்னாலும் சொன்ன கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவான். போன வருடம் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆள் பிழைத்தான். குரல் போய்விட்டது.

குருக்கள்மடத்தில் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரி மேனுகா. விஞ்ஞானப் பட்டதாரி, மட்டக்களப்பில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்கமாட்டாள். அவள்தான் அவனுக்கு அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தாள். உள்ளங்கை அகலம்; விசைகளைத் தட்டினால் தமிழில் பேசும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துசாந்தன் மறுபடியும் பஸ்ஸில் ஏறினான்.

முதல் கிழமை ஏழு நாளும் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் கிழமை பெட்டி தயங்கத் தொடங்கியது. தட்டி முடித்து ஆறு நொடி கழித்துத்தான் குரல் வந்தது. ஆறு நொடியில் பஸ் தரிப்பிடத்தைத் தாண்டிவிடும். கிரான்குளத்தில் இறங்கவேண்டிய ஒரு பெண் தாளங்குடாவில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தாள். பஸ் முதலாளி நல்ல மனிதர். இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு ஆளைத்தான் போடவேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சாரதி டிலக்சன் சும்மா இருப்பானா?

"செட்டிபாளையத்தில கேட்டா குருக்கள்மடத்தில பதில் வருது. உன்ட பெட்டி பஸ்ஸில வரல்ல மச்சான், நடந்து வருது."

முன்பென்றால் இதற்குப் பத்துப் பதில் கிடைத்திருக்கும். இப்போது பெட்டி வாய் திறப்பதற்குள் சிரிப்பு அடங்கி, பேச்சு வேறெங்கோ போய்விடும். துசாந்தன் பதில் தட்டுவதையே விட்டுவிட்டான்.

அதே மாதிரி இன்னொரு பெட்டி மேனுகாவின் மேசையில் இருந்தது. பரிசோதிப்பதற்காக, பற்றரி போடாமல், இரவு பகலாக நேரே மின்சாரத்தில் மாட்டி வைத்திருந்தாள். அது ஒருநாளும் தயங்கியதில்லை. துசாந்தன் தன் பெட்டியைக் கொண்டுவந்தால், முதல் வேலையாக அதை நிறுத்தி, புதிய திருத்தங்களைப் போட்டு மீண்டும் இயக்குவாள். அதுவும் உடனே பேசும். இரண்டு தரம் இப்படி நடந்தது. மூன்றாம் தரம் அவன் பெட்டியைக் கழற்றிக் கொடுக்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "இப்ப நல்லம்" என்று தட்டிவிட்டுப் போனான்; அவன் வாசலைத் தாண்டியபோதுதான் குரல் வந்தது. தன் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்கிறான் என்பது அவளுக்கு விளங்கிற்று.

மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. பின்நேரம் மூன்று மணிக்கு வாவிக்கு அப்பால் இடி உறுமியது. அம்மா புஸ்பம் வந்து தொலைக்காட்சியைக் கழற்றினாள், குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றினாள், மேசையில் இருந்த பேச்சுப்பெட்டியின் வயரையும் பிடுங்கினாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்க?"

"இடி இடிக்குதே புள்ள, கழட்டாம? நேத்தும் கழட்டினன், முந்தநாளும் கழட்டினன். நீ ஏசுவாயெண்டு மழை விட்ட உடன மாட்டிவிட்டிருவன்."

ஐப்பசி மாதம். தினமும் பின்நேரம் இடி. அந்த நேரம் மேனுகா வேலையில் இருப்பாள். மூன்று கிழமையாக மேசைப் பெட்டி ஒரு முழு நாள்கூட உயிரோடு இருந்ததில்லை. தினமும் புதிதாகப் பிறந்தது. துசாந்தனோ, நிறுத்தினால் குரல் திரும்பி வராதோ என்ற பயத்தில் தன் பெட்டியை நிறுத்துவதே இல்லை. நாள்பட்டால் வரும் நோய் வருத்தம் பச்சைப் பிள்ளையிடம் எப்படித் தெரியும்? மேனுகா அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். ஏச்சை எதிர்பார்த்த புஸ்பம் கையில் வயரோடு அப்படியே நின்றாள்.

அடுத்த நாள் மேனுகா மடிக்கணினியோடு பஸ்ஸில் ஏறினாள். அம்மாவின் கதையைத் துசாந்தனுக்குச் சொல்லி, பெட்டியை நிறுத்தவேண்டாம் என்று கேட்டு, ஓடும் பஸ்ஸிலேயே வயரைப் பொருத்தினாள். அவன் "கிரான்குளம்" என்று தட்டினான். நேரம் எங்கே போகிறதென்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தரம் பேசுவதற்கு முன்பும் குரலை உண்டாக்கும் நிரல், நினைவகத்தில் பெரிய துண்டொன்றைக் கேட்டது. அதைப் பங்கிட்டுக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து இயக்கும் கேர்னல் என்ற கருநிரல். ஆறு நொடியும் அங்கேதான் கரைந்தது. ஆனால் நினைவகத்தில் பாதி வெறுமையாகக் கிடந்தது. வெற்றிடங்களை அளவுவாரியாகக் காட்டும் பட்டியலைத் திறந்தாள். சிறிய துண்டுகள் ஆயிரக்கணக்கில். பெரிய துண்டுகளின் பக்கம் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.

ஆரையம்பதியில் கலியாண வீட்டுக்குப் போகும் குடும்பமொன்று ஏறியது, ஏழு பேர். துசாந்தன் கையைக் காட்டி ஒவ்வொருவராக எழுப்பி, மாற்றி இருத்தி, அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் இடம் எடுத்துக் கொடுத்தான். பிறகு அவளிடம் வந்து, பெட்டிக்கு என்ன வருத்தம் என்று கேட்டான்.

"இடம் இருக்கு அண்ணா. ஆனா அங்கொண்டும் இஞ்சொண்டுமாக் கிடக்கு. உங்கட குரலும் இவங்களப்போல, சேந்தாப்போலதான் கேக்குது."

அவன் தட்டினான். ஆறு நொடி. "அப்ப அதுக்கும் ஒரு கொண்டக்டர் வேணும்."

"இருக்கிறார். ஆக்கள எழுப்பி எழுப்பி மாத்துறார். அதுக்குத்தான் ஆறு நொடி."

துசாந்தன் சத்தமில்லாமல் சிரித்தான், தோள்கள் குலுங்கின. நிறைந்த பஸ்ஸில் தான் உரத்துப் பேசிவிட்டதை மேனுகா அப்போதுதான் உணர்ந்தாள்.

திருத்தம் சின்னது. பெட்டி விழிக்கும்போது, எல்லா இடமும் காலியாக இருக்கையிலேயே, அந்தப் பெரிய துண்டை ஒரே தரம் வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரிதான். கடினம் காத்திருப்பதில் இருந்தது. பெட்டிக்கு நாள்படும்வரை சுகமா இல்லையா என்று தெரியாது. மாதம் முடியப் பதினாறு நாள் இருந்தது. தினமும் துசாந்தன் வேலிக்கு மேலால் பெருவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் நம்பவில்லை. நல்ல மனதோடு பொய் சொல்கிறவன் அவன்.

பதினைந்தாம் நாள் பஸ்ஸில் ஏறினாள். டிலக்சன் கண்ணாடியில் அவளைக் கண்டுவிட்டான்.

"புள்ள, பெட்டிக்கு என்ன மருந்து குடுத்தனீ?"

அவள் சொல் தேடுவதற்குள் மிதிபலகையிலிருந்து குரல் வந்தது.

"உன்ட மண்டைக்கும் சேத்துத்தான் கேட்டன் மச்சான். அதுக்கு மருந்தில்லையாம்."

பஸ் முழுக்கச் சிரித்தது. டிலக்சன் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். மேனுகா முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாவி கலங்கலாகத் தெரிந்தது. மூன்று கிழமை வயரைக் கழற்றிய அம்மாவுக்கும், நோயாளிப் பெட்டியை நிறுத்தாமல் சுமந்து திரிந்த இவனுக்கும் என்ன சொல்வது? வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"கல்லடி" என்றது பெட்டி, பாலத்துக்குச் சற்று முன்பாகவே. மேனுகா இறங்கினாள். பஸ் நகர்ந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மாட்டச் சொல்லு புள்ள, இடி இடிச்சா கழட்டட்டும்."

போய்க்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்து அவள் தலையாட்டினாள்.