வலக்கையை விடுங்கோ

எனக்குச் சத்தம் அதிகம். இதை நானே முதலில் சொல்லிவிட்டால் பிறகு யாரும் முதுகுக்குப் பின்னால் சொல்லத் தேவையில்லை. விமலேஸ்வரி என்பது என் பெயர். வன்னியில் தர்மபுரத்துப் பக்கம் இருபத்தாறு வருஷமாகக் குடும்பநல மருத்துவிச்சியாக வேலை செய்கிறேன், ஊருக்கு நான் 'மிஸ்'. என் ஸ்கூட்டி ஒழுங்கைக்குள் திரும்பினாலே, இரும்புச்சத்துக் குளிசையைப் போடாமல் ஒளித்து வைத்த பெண்கள் எல்லாம் குசினிக்குள் ஓடுவார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. பொய்யில்லை. ஆனால் என் பகுதியில் ஒரு தாயையும் நான் இதுவரை பறிகொடுத்ததில்லை. அதற்காகத்தான் கத்துகிறேன்.

தனுஷாவுக்குக் காது கேட்காது. 'வாயும் பேசாது' என்று முன்பெல்லாம் சேர்த்துச் சொல்லுவேன், இப்போது சொல்வதில்லை. புருஷன் நிருஷனுக்கும் காது கேட்காது, பேக்கரியில் பாண் போடுகிறவன், தங்கமான பெடியன். மூத்தவளுக்கு மூன்று வயது. கொரோனா காலத்தில் சிசேரியன் செய்து எடுத்த பிள்ளை. அப்போது அவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள், அந்தப் பிரசவத்தை நான் பார்க்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் இங்கே சொல்லப் போவதில்லை.

இரண்டாவது வயிற்றில் வந்தபின் ஏழாம் மாதம்வரை ஒழுங்காகக் கிளினிக்குக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டிய திகதியை நான் கிளினிக் அட்டையில் எழுதிக் கொடுத்த நாளோடு வரவை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போனால் கதவு பூட்டு. மூன்றாம் தரம் பின்பக்கத்தால் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன், தனுஷா கட்டிலில் இருந்தாள். கட்டிலுக்குக் கீழே ஒரு புது பேசின். அதற்குள் தோய்த்து மடித்த பழைய சேலைகள், நூல், உறை பிரிக்காத பிளேட். இவள் வீட்டிலேயே பெறப் போகிறாள்.

முதல் பிள்ளையைச் சிசேரியனில் எடுத்தவளுக்கு வீட்டில் வலி கண்டால், பழைய தையல் பிரியலாம். பிரிந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிற நேரம்கூடக் கிடைக்காது.

"உனக்கென்ன விசரே? கட்டாயம் ஆஸ்பத்திரிக்குப் போகோணும், விளங்குதோ?" என்று கத்தினேன். காது கேட்காதவளிடம் கத்தி என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். அது எனக்குத் தெரியும், என் தொண்டைக்குத் தெரியாது. பிறகு அட்டையின் பின்பக்கத்தில் 'ஏன் போகமாட்டாய்?' என்று எழுதிக் கொடுத்தேன். வன்னி யுத்தம் முடியும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் பாதியில் போனதால் சின்னச் சின்னச் சொற்கள்தான் வாசிப்பாள். இதை வாசித்தாள். பேனையை வாங்காமல் எழுந்து நின்று செய்து காட்டினாள்.

உள்ளங்கையால் மூக்கையும் வாயையும் மூடினாள். அப்படி முகம் மூடினவர்கள் சுற்றிலும் நின்றதாகக் காட்டினாள். மேலேயிருந்து வெளிச்சம் அடிப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு மணிக்கட்டைச் சுற்றிக் கட்டுவதுபோலவும், பிறகு மற்றதைக் கட்டுவதுபோலவும் காட்டினாள். இழுத்துப் பார்த்தாள், கை வரவில்லை. கடைசியாக, ஒரு பிள்ளையை யாரோ கையில் தூக்கிக்கொண்டு போவதைக் காட்டிவிட்டு, போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகம் மூடினவர்கள், வெளிச்சம், கட்டின கை, கொண்டுபோன பிள்ளை. வன்னியில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் நானும் அந்தச் சண்டைக்குள் நின்றவள்தான். ஒருவர் தன் கையைக் கட்டிக் காட்டினால் நாங்கள் மேற்கொண்டு கேட்பதில்லை. கேட்டால் அந்த ஆள் உடைந்து போய்விடும், கேட்கிறவரும் உடைந்து போவார். அவள் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டியில் இருந்துகொண்டே அழுதேன். இரண்டு கிழமை அந்தப் பக்கம் போய்ச் சத்தம் போடவில்லை. நான் ஏசாமல் விட்ட ஒரே தாய் அவள்தான்.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. அவள் மனசுக்கு ஆறுதல் சொல்ல ஆள் தேடினேன். இருந்தவர்கள் எல்லாரும் வாயால்தான் ஆறுதல் சொல்லுகிறவர்கள். பிரதேச செயலகத்தில் ஒருவர் றிம்ஸியாவின் நம்பரைத் தந்தார். முல்லைத்தீவுப் பிள்ளை. தம்பி முஹ்ஸினுக்குக் காது கேட்காது, அவனோடு கதைக்கப் போய்ச் சைகை மொழியை முறையாகப் படித்தவள். எனக்குத் தெரிய எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். பொலிஸ், நீதிமன்றம், வங்கி, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் இழுப்பார்கள்.

"சண்டையிலை பயந்த பிள்ளை, தங்கச்சி. பக்குவமாக் கேக்கோணும்" என்று போனில் சொன்னேன்.

"வாறன் மிஸ். முதல்லை அவ என்ன சொல்லுறா எண்டு பாப்பம்" என்றாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கதிரையை என் பக்கத்தில், தனுஷா பார்க்கக்கூடியதாகப் போட்டுக்கொண்டு இருந்தாள். இரண்டு பேரும் கையால் கதைக்கத் தொடங்கினார்கள். என்னோடு மூன்று சொல்லுக்கு மேல் கதைக்காத தனுஷாவா இது? சிரிக்கிறாள், முகத்தைச் சுளிக்கிறாள், விரல்கள் நிற்கவேயில்லை. இவ்வளவு கதையையும் இவள் எங்கே வைத்திருந்தாள்?

றிம்ஸியா குரலில் சொல்லத் தொடங்கினாள். "நான் படுத்திருந்தன். சுத்திவர நிண்ட எல்லாரும் முகத்தை மூடியிருந்தவை. வாயைப் பாத்து விளங்கவும் வழியில்லை."

"நீங்கள் எப்ப தங்கச்சி படுத்திருந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நானில்லை மிஸ், தனுஷா. அவ 'நான்' எண்டால் நானும் 'நான்' எண்டுதான் சொல்லோணும். என்னைப் பாக்காதேங்கோ, அவவைப் பாருங்கோ."

அவளைப் பார்த்தேன். தனுஷா தொடர்ந்தாள். பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஒரு கையிலை சேலைன் ஊசி. மற்றக் கையிலை பிறஷர் பாக்கிற பட்டி. ரெண்டு கையையும் பலகையிலை வச்சுக் கட்டினவை. வயித்துக்கு நேரை துணியாலை மறைச்சவை."

றிம்ஸியா நிறுத்தினாள். "மிஸ், இதை நானாச் சொல்லுறன். இது சண்டை இல்லை. அவ சொல்லுறது ஒப்பரேஷன் தியேட்டரை."

நான் தனுஷாவின் மணிக்கட்டுகளைப் பார்த்தேன்.

"துணிக்கு மேலாலை ஒரு சின்னக் காலைக் கண்டன். நீலமா இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிட்டினம். எங்கை எண்டு கேக்கோணும். கை கட்டியிருக்கு. இழுத்தன். அவை ஓடி வந்து இன்னும் இறுக்கிக் கட்டினவை. அடுத்த நாள் மத்தியானம் பிள்ளையைக் கொண்டுவந்து தரும்வரைக்கும், அது செத்துப்போச்சு எண்டுதான் நினைச்சுக்கொண்டு கிடந்தன்."

மூத்தவள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. தியேட்டரில் கையைக் கட்டுவதை எத்தனை தரம் பார்த்திருப்பேன். கத்தி வைக்கும்போது அசையக் கூடாது என்று தாயின் நன்மைக்குத்தான் கட்டுகிறார்கள். ஆனால் இவளுக்கு அது வாயைக் கட்டுவது என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா? பெரிய அனுபவசாலி நான். இரண்டு கிழமையைச் சும்மா கரைத்துவிட்டேன். கர்ப்பத்தின் முப்பத்தேழாவது வாரம் நடந்துகொண்டிருந்தது.

"இப்ப என்ன செய்தால் ஆஸ்பத்திரிக்கு வருவாய்?" என்று தனுஷாவைப் பார்த்தே கேட்டேன்.

"வலக்கையைக் கட்டக் கூடாது. பிள்ளையைக் கொண்டு போனால் எங்கை எண்டு எனக்குச் சொல்ல ஒரு ஆள் வேணும். ரெண்டும் இருந்தால் வாறன்."

இவ்வளவுதான் அவள் கேட்டது. றிம்ஸியா தானே வந்து நிற்பதாகச் சொன்னாள். வியாழக்கிழமை என்று நாள் வைத்தோம். நான் கிளினிக் அட்டையின் முன்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதினேன்: 'வலக்கையை விடுங்கோ. அது இவவின் வாய்.'

போகும் நேரத்தில் தனுஷா என்னைக் காட்டி, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அகல விரித்து மூடினாள். அதென்ன என்று கேட்டேன். றிம்ஸியா கொஞ்சம் நெளிந்தாள்.

"அது உங்கட பேர், மிஸ். அவையள் ஆக்களுக்கு இப்பிடித்தான் ஒரு பேர் வைப்பினம்."

"காது கேளாத சனத்துக்கும் என்ர சத்தம் தெரியுமோ?"

"சத்தம் தெரியாது. வாய் போற அளவைப் பாத்திருப்பினம்."

தனுஷா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய. அன்று பின்னேரம் றிம்ஸியா எனக்கு ஒரு டசின் சைகை சொல்லித் தந்தாள். பிள்ளை, உயிர், மூச்சு, வலி, பொறு, இப்படி. பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்.

வியாழன்வரை வயிறு பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிருஷன் போனில் ஒரே ஒரு சொல் அனுப்பினான்: 'வலி'. றிம்ஸியாவுக்கு அடித்தேன். போன் நிறுத்தியிருந்தது. அவள் அன்று வவுனியா நீதிமன்றத்தில் யாருக்கோ மொழிபெயர்க்க நின்றாள். மாற்றுக்கு இன்னொருவர் என்று இருந்தால்தானே. நான் லீவு போட்டுவிட்டு, அம்புலன்ஸில் தனுஷாவின் கால்மாட்டில் ஏறி இருந்தேன். கையில் என் பன்னிரண்டு சொல்.

தியேட்டர் வாசலில் தாதி மறித்தா. "கூட நிக்கிற ஆள் நோயாளர் விடுதியோடை சரி. உள்ளை விடேலாது."

எனக்குக் கொதி உச்சிக்கு ஏறியது. வாயைத் திறந்திருந்தால் அந்தக் கட்டடமே அதிர்ந்திருக்கும். தனுஷா ட்ரொலியில் படுத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூச்சை உள்ளே இழுத்து, வாழ்க்கையில் முதல் தரமாக மெதுவாகச் சொன்னேன். "தங்கச்சி, மயக்க மருந்து டொக்டரை ஒருக்கா இந்த அட்டையைப் பாக்கச் சொல்லுங்கோ. அவர் மாட்டன் எண்டால் நான் போறன்."

டொக்டர் ரஜிதன் இளம் ஆள். சிவப்பு எழுத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"கையை விட்டால் ஆடுமே அம்மா?"

"ஆடும் டொக்டர். கதைக்கேக்கை உங்கட வாய் ஆடுறேல்லையோ?"

அவர் கொஞ்ச நேரம் தனுஷாவின் கைகளைப் பார்த்தார். "சரி. சேலைன் இடக்கையிலை. பிறஷர்ப் பட்டியைக் காலிலை கட்டுவம். வலக்கை மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கத்திலை மட்டும் நிக்கோணும், அதுக்கு நீங்கள் பொறுப்பு. உடுப்பை மாத்திக்கொண்டு வாங்கோ."

முதுகில் ஊசி போட்டார்கள். அவள் தலைமாட்டில் நான் நின்றேன். வலக்கை நெஞ்சின்மேல் சும்மா கிடந்தது. அரை மணித்தியாலத்துக்குள் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். ஒரு தரம் சிணுங்கியது, பிறகு மூச்சை இழுத்து இழுத்து விட்டது. குழந்தை டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, "பயமில்லை, கொஞ்ச நேரம் ஒட்சிசன் பெட்டிக்குள்ளை வைக்கோணும்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போனார். முதல் தரம் நடந்தது அப்படியே மறுபடியும் நடந்தது. கதவு மூடிற்று.

தனுஷாவின் வலக்கை எழும்பியது. 'எங்கே?'

என் பன்னிரண்டு சொல்லும் பறந்து போய்விட்டன. மாஸ்க்கைக் கீழே இழுத்தேன். தாதி என்னவோ சொல்லி ஏசினா. ஏசட்டும். பிள்ளை என்று காட்டினேன். உயிர் என்று காட்டினேன். மூச்சு, கொஞ்சம், பெட்டி, பொறு, உன்னிடம் வரும். ஒழுங்கு முறையாகத்தான் காட்டினேனா, தெரியாது. "ஏன் மிஸ் இப்பிடிக் கத்துறீங்கள்?" என்று டொக்டர் கேட்ட பிறகுதான் கையோடு சேர்ந்து தொண்டையும் வேலை செய்திருக்கிறது என்று விளங்கியது.

அவள் விளங்கிக்கொண்டாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. எனக்கும் தாங்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக நூற்றுக்கணக்கான தாய்மாருக்குச் செய்ததையே செய்தேன், அவள் வலக்கையை என் இரண்டு கைக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்தாள். பயத்தில் இழுக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. சூடு பட்டதுபோலக் கையை விட்டேன்.

தனுஷா விரல்களை ஒரு தரம் உதறினாள். வாய்க்குப் பக்கத்தில் கையை அகல விரித்து மூடி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கேட்டாள்: 'பெடியனா, பெட்டையா?'

அதை அவளுக்கு ஒருவருமே சொல்லவில்லை, நானும் மறந்துபோனேன். மேலுதட்டில் மீசையை முறுக்கிக் காட்டினேன்.