அமிலம் விடாத பாட்டில்

அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடியின் தண்ணீர் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. ஈயம் கலந்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பிடித்த உடனே பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விட வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கருவி குறைத்துக் காட்டும். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தேன். சிவக்கவில்லை. மாதிரி எடுத்து வந்தவர் அமிலம் விட மறந்திருந்தார்.

விதிப்படி திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவர் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார். எனக்கும் வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். அப்படியே கருவியில் ஓட்டினேன். நான்கு வந்தது. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை அனுமதி உண்டு. அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் அண்ணி போன் செய்தார். ஐந்து மாதக் கர்ப்பம்.

"என்னம்மா, எங்க தண்ணி பாஸா ஃபெயிலா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் அண்ணி. தாராளமா குடிங்க."

"அப்ப இனிமே கேன் தண்ணி வேணாம்!"

அதன்பிறகு சிவக்காத அந்தத் தாளே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் அதே பாட்டிலைத் தேடி எடுத்து, அமிலம் விட்டு, ஒரு நாள் வைத்திருந்து ஓட்டினேன். முப்பத்தெட்டு. மறுபடியும் ஓட்டினேன். முப்பத்தேழு. ஈயம் வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

"பேப்பர் சிவக்கலைன்னு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும் சார்."

அவர் பழைய அறிக்கையை எடுத்தார். "குடியிருப்புக்காரங்ககிட்ட நான் பேசுறேன். உங்க அண்ணிகிட்ட நீங்களே சொல்லுங்க."

அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி சமையலறையில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழாயை மூடினார்.

"மிஷின் தப்பா காட்டிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"இல்ல அண்ணி. பாட்டில் சரியில்லைன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அவர் குடத்தையே பார்த்தார். "பத்து நாளா தாகம் இல்லாதப்பகூடக் குடிச்சேன். நிறைய தண்ணி குடிங்கன்னு டாக்டர் சொன்னாங்களேன்னு."

பரிசோதித்ததில் அண்ணியின் ரத்தத்தில் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது, பிறகு இறங்கியது. கட்டடத்தின் பழைய குழாய்களை மாற்றினார்கள். மூன்று மாதம் என் கையெழுத்து எந்த அறிக்கைக்கும் செல்லாது என்றார் மேலாளர்.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள் என்றார் டாக்டர். "அத்தை வந்திருக்கா பாரு" என்று அண்ணி குழந்தையிடம்தான் சொன்னார், என்னிடம் பேசவில்லை.

இப்போது தவழ்கிறாள். போகும்போதெல்லாம் உட்கார்ந்தாளா, பல் வந்ததா, கூப்பிட்டால் திரும்புகிறாளா என்று பார்க்கிறேன். எல்லாம் அந்தந்த வயதில்தான் நடக்கிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.