பதினொன்றாம் நம்பர் வயர்

மூன்றாவது வெள்ளிக்கிழமையும் நெட்வொர்க் செத்தது. அப்போது மணி காலை எட்டேகால்.

பேக்கிங் கூடத்தில் லேபிள் பிரிண்டர் எட்டுப் பெட்டிக்கு அடித்துவிட்டு நின்றுவிட்டது. தராசு எடை காட்டியது, கம்ப்யூட்டருக்கு அனுப்பவில்லை. மாடியில் ஆபீஸ்காரர்கள் வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். சிக்னல் கோடெல்லாம் நிறைந்துதான் தெரிந்தது, எதுவும் திறக்கவில்லை.

இந்தோனேசியாவில் சிடோஆர்ஜோ ஊரில் இருக்கிற இந்த இறால் ஆலைக்கு கம்ப்யூட்டர் ஆள் நான் ஒருவன்தான். பெயர் சப்தோனோ. அதற்கு முன் ஆறு வருஷம் இதே ஆலையில் ஐஸ் பாளம் சுமந்தேன். வயர் இழுக்க வந்தவர்களுக்கு ஏணி பிடித்துப் பிடித்துக் கற்ற தொழில் இது. பள்ளிக்கூடம் கொடுத்ததல்ல. எனவே ஒன்று கெட்டால் எல்லாருக்கும் அந்த ஏணிதான் முதலில் ஞாபகம் வரும்.

மேனேஜர் பாக் ஹெந்தார்த்தோ, பாக் என்றால் எங்கள் பக்கம் ஐயா, கீழே இறங்கி வந்தார். கன்டெய்னர் வாசலில் நிற்கிறது, இன்னும் நானூற்றுப் பத்துப் பெட்டி பாக்கி, லேபிள் ஒட்டாத பெட்டியைக் கன்டெய்னரில் ஏற்றக் கூடாது என்று எனக்குத் தெரிந்ததையே சொன்னார். ஜும்மா தொழுகை முடிந்து டிரைவர் வந்ததும் வண்டி கிளம்பியாக வேண்டும். தவறினால் துறைமுகத்தில் கேட் மூடிவிடுவார்கள், கப்பல் போய்விடும். என் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அது அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"இன்னைக்குக் கப்பல் போச்சுன்னா, நீ ஐஸ் பக்கம்கூடத் திரும்பி வர வேணாம்" என்றார்.

முதல் வெள்ளிக்கிழமை இருக்கிற எல்லாவற்றையும் அணைத்து அணைத்துப் போட்டேன். மத்தியானம் கூடத்தில் லேப்டாப்பை மாட்டினபோது தானாக வந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை, எல்லா வயரும் வந்து சேருகிற மெயின் சுவிட்ச் பெட்டி பழசு, மாற்றியாக வேண்டும் என்று அடித்துச் சொல்லிப் புதிது வாங்க வைத்தேன். மாட்டினேன். உடனே வரவில்லை. கீழே கூடத்துக்குப் போய் லேப்டாப்பை மாட்டிச் சோதித்தபோது வந்துவிட்டது. புதுப் பெட்டி சூடேற நேரம் எடுத்திருக்கும் என்று எல்லாரிடமும் சொன்னேன். வெட்கங்கெட்ட பேச்சு. இரும்புப் பெட்டிக்குச் சூடேற என்ன இருக்கிறது?

இப்போது அந்தப் புதுப் பெட்டியும் அதே கூத்தை ஆடியது.

வெளி லைன் போயிருக்கலாம் என்றார் ஆபீசில் ஒருவர். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு கம்ப்யூட்டரே ஒன்றையொன்று பார்க்கவில்லை, இதில் வெளி லைனைப் பற்றி என்ன பேச்சு. கோளாறு உள்ளேதான் என்று அப்போதே தெரிந்தது. உள்ளே எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஆலை முழுக்க ஓடுகிற வயரை நீட்டினால் நான்கு கிலோமீட்டர் வரும்.

மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிற சுவிட்ச் அலமாரியைத் திறந்தேன். புதுப் பெட்டியில் இருபத்திநான்கு பச்சை விளக்கு. வழக்கமாக ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு மினுக்கும். இன்று எல்லாம் சேர்ந்து, மூச்சு விடாமல், வெறி பிடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. அணைத்துப் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் மறுபடி அதே வெறி. இன்னொரு தரம் போட்டேன். அதேதான். போன இரண்டு வாரமும் இதைப் பார்த்திருக்கிறேன். நிறைய வேலை நடக்கிறது, அதனால்தான் இப்படி என்று நினைத்த மடையன் நான்.

வேறு வழியில்லை. வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். ஒன்றைப் பிடுங்கு, விளக்கைப் பார், திரும்பச் சொருகு, அடுத்தது. பழைய ஆள் யாரோ ஒட்டின நம்பர் பாதிக்கு மேல் அழிந்துபோயிருந்தது. இடையில் மாடியிலிருந்து இரண்டு பேர் வந்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் கையில் டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

பதினொன்றைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின.

அடுத்த நிமிஷம் மாடியில் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷம் இல்லை. பதினொன்று போகிற இடம் பேக்கிங் கூடம். லேபிள் அடிக்க வேண்டிய ஒரே இடம் இப்போது தனியாக அறுந்து கிடந்தது.

அந்தக் கூடத்துக்குள் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. ரப்பர் பூட்ஸ் போட வேண்டும், தலைக்கு வலை, வாய்க்குத் துணி, மேலே வெள்ளைக் கோட்டு. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குளோரின் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். அவசரம் என்றேன். அவசரத்துல கிருமி லீவு போடுமா என்று கேட்டார் வாசல் காவலாளி. நகத்தையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் விட்டார். மணி பத்தே முக்கால்.

கூடத்தில் பெண்கள் வேலை இல்லாமல் பெட்டிகளின் பக்கத்தில் நின்றார்கள். பெட்டிகளில் பனி உருகி அட்டை ஓரம் நனையத் தொடங்கியிருந்தது. பிரிண்டர் மேஜைக்கு அடியில் குனிந்தேன். எட்டு ஓட்டை உள்ள சின்ன சுவிட்ச் பெட்டி அங்கே திருகி வைத்திருக்கிறது. விளக்கெல்லாம் அதே வெறியில் அடித்தன. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

சாம்பல் நிற வயர் ஒன்று ஒரு ஓட்டையிலிருந்து கிளம்பி, அழகாக வளைந்து, அதே பெட்டியின் இன்னொரு ஓட்டைக்குள் போயிருந்தது. ஒரே பெட்டியில் இரண்டு நுனியும். அனுப்புகிற சேதி சுற்றிச் சுற்றி அதற்குள்ளேயே வந்து, பெருகி, ஆலை முழுக்க அடைத்துக்கொள்ளும். இது வெறும் ஆரம்பப் பாடம்.

வயரின் நுனியில் நீல டேப் சுற்றியிருந்தது. சுற்றினது நான்தான். லேப்டாப்பை மாட்டிச் சோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று ஒரு முனையைப் பெட்டியில் சொருகி மறுமுனையைத் தொங்க விட்டிருந்த என் சோதனை வயர். போன இரண்டு வெள்ளிக்கிழமையும் இருட்டில் கையை விட்டு இந்த நீல நுனியைத்தான் உருவி லேப்டாப்பில் மாட்டினேன். எங்கிருந்து உருவுகிறேன் என்று பார்க்கவே இல்லை. உருவினதும் சரியாகிவிட்டது. நான் செய்த ஒரே உருப்படியான வேலை அது, அதையும் தெரியாமல் செய்திருக்கிறேன்.

உருவி எறிந்தேன். விளக்குகள் நிதானமாயின. மாடிக்குப் போன் போட்டுப் பதினொன்றைத் திரும்பச் சொருகச் சொன்னேன். பிரிண்டர் ஒரு தரம் கனைத்துவிட்டு லேபிளைத் துப்பத் தொடங்கியது.

"இதை உள்ள சொருகுனது யாரு அக்கா?" என்று கேட்டேன்.

எல்லாரும் லேபிள் ஒட்டுவதில் மும்முரமானார்கள். கடைசியில் மேஜைப் பொறுப்பாளி கஸ்மினா நிமிர்ந்தாள். பதினெட்டு வருஷமாக இறால் உரித்து, பெட்டி கட்டி, விரல் நுனியெல்லாம் வெளுத்தவள். இன்னும் தினக்கூலிதான்.

"நாந்தான். என்ன இப்ப? தொங்குதுன்னு எனக்குச் செவப்பு அட்டை குடுத்தாங்க. பக்கத்துல ஓட்டை காலியா இருந்துச்சு, சொருகுனேன். அடுத்த வாரமே நட்சத்திரம் குடுத்தாங்க."

"நான் ரெண்டு வாட்டி உருவிப் போட்டிருந்தேனே, பாக்கலயா?"

"பாத்தேன். ஒழுங்கில்லாத பயன்னு நெனச்சுத் திரும்பச் சொருகுனேன்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை முதல் எட்டு வரை ஆலை முழுக்கச் சுத்தம் செய்கிற நேரம். ஜப்பான்காரர்களைப் பார்த்து வைத்த ஒழுங்கு முறை. தொங்குவது, சிதறுவது, வழியில் கிடப்பது எதுவும் கூடாது; இருந்தால் சிவப்பு அட்டை, சரி செய்தால் நட்சத்திரம். இத்தனை நாளும் அந்த அரைமணி நேரத்துக்கும் என் கோளாறுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை.

கடைசிப் பெட்டி ஏறியபோது டிரைவர் தொழுகைத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். கேட்டைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக் ஹெந்தார்த்தோ நன்றி சொல்லவில்லை. ரிப்போர்ட் கேட்டார். காரணம், அதோடு காரணமான ஆளின் பெயர். பெயர் இல்லாத ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

கஸ்மினா என்று எழுதினேன். உண்மை அதுதானே. அவளைச் சாயங்காலமே அனுப்பிவிடுவார்கள், என் ஒப்பந்தம் பிழைக்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேன்டீன் வரை நடந்தேன். அங்கே சுவரில் ஒழுங்குப் பலகை. 'முன்பு' என்று ஒரு படம், மேஜைக்கடியில் நீல நுனி தொங்குகிறது. 'பின்பு' என்று ஒரு படம், வயர் வளைந்து அழகாகப் பெட்டிக்குள், பக்கத்தில் கஸ்மினா பல் தெரிய நிற்கிறாள். கீழே தங்க நிற நட்சத்திரம். அதன் கீழே மேனேஜர் கையெழுத்து. தினமும் இந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் சோறும் சோயாக்கட்டித் தெம்பேயும் தின்றிருக்கிறேன்.

தாளைக் கிழித்தேன். வேறொன்றில், வயரைத் தொங்க விட்டது சப்தோனோ என்று எழுதி, இரண்டு படத்தையும் பிடுங்கி அதோடு பின் குத்திக் கொடுத்தேன்.

அவர் படத்தின் கீழிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். படங்களை மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டு, தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருஷம் என்று எதிர்பார்த்த ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏழரைக்கே அந்த மேஜையருகே போய் நின்றுகொண்டேன். சோதனை வயரை ஏற்கெனவே கழற்றி எடுத்துவிட்டேன். கஸ்மினா துணியோடு வந்து குனிந்தாள்.

"இந்த ஓட்டையெல்லாம் தொறந்து கெடக்கே, தூசி போகாதா? இதுக்கும் செவப்பு அட்டை குடுப்பாங்களே."

பையிலிருந்து நீல டேப்பை எடுத்துக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன். காலி ஓட்டை ஒவ்வொன்றின் மேலும் ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினாள்.